அப்பா தட்டு மீன்

டோங்கா நாட்டு ஹாபாய்த் தீவுகளில் லவினியாவின் கைச்சமையலைச் சாப்பிட்டவர்கள் லேசில் மறக்கமாட்டார்கள். கோயிலுக்கு வெளியூர்ப் போதகர் வந்தால் விருந்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். சேம்பு இலையில் தேங்காய்ப்பாலும் டின் மாட்டிறைச்சியும் பொதிந்து மண்ணடுப்பில் அவள் வேகவைக்கும் லூவின் வாசனைக்குப் பிரசங்கத்தையே சுருக்கிக்கொண்ட போதகர் ஒருவர் உண்டு. அப்பேர்ப்பட்ட கைக்கு, மூன்று வயது மகள் ஹெய்லாலாவிடம் மட்டும் ஒரு மரியாதையும் கிடையாது.

திங்கட்கிழமை சீமைப்பலாவை இரண்டு கையாலும் அள்ளித் தின்றவள், செவ்வாய்க்கிழமை அதே சீமைப்பலாவைப் பார்த்துச் செத்த எலியைக் கண்டதுபோல அலறினாள். மீனின் கண்தான் வேண்டும் என்றாள். நோண்டிக் கொடுத்தால், அது தன்னையே பார்க்கிறது என்று தூக்கி எறிந்தாள். உரிக்கும்போது உடைந்த வாழைப்பழத்தை ஒட்டித் தரச் சொல்லிப் பொழுது சாயும்வரை சண்டை போட்டாள். அவள் அண்ணன் மோவாலா கல்லைத் தவிர எல்லாவற்றையும் தின்கிறவன்; அவனே வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். லவினியாவுக்கும் சில நேரம் கோபம் போய் மலைப்பு வந்துவிடும். இந்தத் தீக்குச்சி உடம்புக்குள் இவ்வளவு பெரிய பிடிவாதத்தைக் கடவுள் எப்படித்தான் மடித்து வைத்தார்?

மலைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த மாதம் பதினோரு நாளாகப் பிள்ளை தண்ணீரும் நாளுக்கு இரண்டு பிஸ்கட்டும் தவிர எதையும் தொடவில்லை. சுகாதார நிலையத்துத் தாதி எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். இரண்டு வாரத்துக்குள் எடை ஏறாவிட்டால் கப்பலில் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், மூக்கில் குழாய் வைத்துத்தான் ஊட்டவேண்டியிருக்கும் என்றாள். லவினியா சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வரும் வழியில் மாமரத்தடியில் நின்று அழுதாள்.

மறுநாள் ஞாயிறு. கோயில் முடிந்து சாப்பிட அகனேசி வந்திருந்தாள். லவினியாவின் கணவன் ஃபெலேதிக்கு அக்கா, பிள்ளைகளுக்கு அத்தை. டோங்கா வீட்டில் அத்தைக்கு மேல் ஆள் கிடையாது. கல்யாணத்தில் முதல் பாய் அவளுக்கு, சாவுவீட்டில் கடைசி வார்த்தை அவளுடையது. ஒன்பது வருடத்தில் லவினியா அவளிடம் தானாக வாய் திறந்து பேசியதே இல்லை. அக்காவுக்கு மரியாதை என்று ஃபெலேதிகூட மறுகோடிப் பாயில் முதுகு காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் யாரோ வந்து படகின் கயிறு அவிழ்ந்துவிட்டது என்றார்கள். போட்டது போட்டபடி ஓடினான்.

லவினியா திரும்பிப் பார்த்தபோது ஹெய்லாலா அந்தத் தட்டின் முன்னால் சம்மணம் போட்டிருந்தாள். அப்பா கடித்த மீனை முள் பிரித்து, உறிஞ்சி, கிழங்கைப் பிட்டு, வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அவ அப்பா மிச்சத்தத் திங்கிறா. தொண்டை வீங்கிடும்ல?" என்றான் மோவாலா.

வீங்கும். அப்பாவின் எச்சிலைப் பிள்ளைகள் தொடக்கூடாது. தாதியின் பிள்ளைகளே தொடமாட்டார்கள். லவினியா பாய்ந்து தட்டைப் பிடுங்கினாள். பிள்ளை அழவில்லை. உதட்டை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டது. அந்த மூடலை லவினியாவுக்கு நன்றாகத் தெரியும். இனி அந்த வாயைத் திறக்க அவளால் ஆகாது.

தட்டும் கையுமாக அவள் நின்றாள். கீழே வைத்தால் பிள்ளைக்குத் தொண்டை போகும். வெளியே கொட்டினால் பிள்ளையே போகும். அப்போது அவளுக்கு என்ன துணிச்சல் வந்ததோ, முழங்காலில் நகர்ந்து போய், தம்பியின் எச்சில் தட்டை அக்காவின் முன்னால் வைத்தாள். அந்தத் தீவில் அதுவரை யாரும் யாருக்கும் செய்யாத அவமானம் அது.

"அண்ணி, இதுல ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள்.

அகனேசி தட்டைப் பார்த்தாள். லவினியாவைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் மணிக்கட்டை, குச்சியாகத் துருத்தி நின்ற அந்த எலும்பை, நெடுநேரம் பார்த்தாள். மோவாலாகூட மெல்லுவதை நிறுத்திவிட்டான். அகனேசி மீனில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"உப்பு கம்மி" என்றாள். அப்புறம் பிள்ளையை இழுத்து மடியில் வைத்து, உள்ளங்கையால் அதன் தொண்டையை மூன்று தரம் தடவினாள். "சாப்பிடுடி. இது இப்ப என் தட்டு. அத்தை தட்டுல சாப்பிட உன்னை எவ தடுப்பா?"

மேலானவர் கை பட்டுவிட்டால் கீழானவரின் தீட்டு நிற்காது. இது லவினியாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கை கீழே இறங்கி வரவேண்டுமே. அதை வரச்சொல்ல யாருக்கு வாய் இருந்தது?

அன்றிலிருந்து இரண்டு வேளையும் அகனேசி வந்தாள். கோயிலுக்குப் போகிறவள்போல மரியாதைக்கு அணியும் இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு, மழையிலும் நடந்து வந்தாள். தம்பி பாதி சாப்பிட்டு வெளியே போனதும் மிச்சத்தில் முதல் வாய் தின்று, தட்டைப் பிள்ளையிடம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். ஃபெலேதிதான் அரை வயிற்றோடு இளைத்துப்போனான். லவினியா வாசலில் நின்று அந்த அகன்ற முதுகு போவதைப் பார்ப்பாள். அவளுக்குக் கும்பிடவேண்டும் போலிருக்கும்.

பதினான்காம் நாள் தாதி எடை பார்த்தாள். நம்பாமல் பிள்ளையை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிப் பார்த்தாள்.

"கப்பல் வேண்டாம்" என்றாள் சிரித்துக்கொண்டே. "அப்படி என்னதான் குடுத்தே?"

லவினியா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் குடுக்கல. அவ அத்தை சாப்பிட்டாங்க."