எங்கள் வீட்டுக் கட்டத்தில் ஆசீர்வாதம் அய்யா எழுதியது

ஆசீர்வாதம் அய்யா போய்விட்டார். முந்தாநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர், நாலு மணி டீக்கு எழுந்திருக்கவில்லை... நேற்று சாயங்காலம் அடக்கம்.

காட்டூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைல், காலில் கேன்வாஸ் ஷூ. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆனவர்.

முதல் தடவை வந்தபோது ஒரு பெரிய தாளைக் காப்பி எடுக்கச் சொன்னார். கையால் வரைந்த மேப். எங்கள் ஏரியாவின் பதினோரு தெரு, வீட்டுக்கு ஒரு சின்னக் கட்டம். யார் பெயரும் இல்லை.

என்னால் சும்மா இருக்க முடியுமா? நில புரோக்கர் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"சார், எந்த வீடு விலைக்கு வருது?"

சிரித்தார். "நான் வாங்குறவன் இல்லம்மா. நாங்க நாலு குடும்பம் சேர்ந்து இந்தப் பக்கம் ஒரு சபை ஆரம்பிக்கப் போறோம். அதுக்கு முன்னாடி எல்லா வீட்டுக்காகவும் ஜெபம் பண்ணி முடிக்கணும். தெருவுக்கு நாப்பது காலை."

"வீட்டுக்குள்ள வருவீங்களா?"

"இல்லம்மா, ரோட்டுல நடந்துக்கிட்டேதான். யாரையும் கூப்பிட மாட்டேன், நோட்டீஸ் குடுக்க மாட்டேன். வெளியிலேர்ந்து கண்ணுக்கு என்ன தெரியுதோ, அதுக்காக மனசுக்குள்ள ஜெபம்."

"இடம் பாத்தாச்சா?" இல்லையாம். "சபைக்குப் பேரு?" அதுவும் இல்லையாம். "அப்ப என்னதான் இருக்கு?" என்றேன்.

"மேப் இருக்கே" என்றார்.

அதிலிருந்து அவர் எப்போது வருவார், எந்தத் தெருவில் நடக்கிறார் என்று விசாரிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு விஷயம். மாமனார் போனபிறகு வீட்டை விற்றுப் பாகம் பிரிக்கலாம் என்று கொழுந்தனார் கேட்டில் ஒரு தகர போர்டு மாட்டினார். 'வீடு விற்பனைக்கு'.

எனக்குத் துளியும் மனசில்லை. கல்யாணமாகி வந்து இருபது வருஷம் இருந்த வீடு. குடும்பத்தில் மனஸ்தாபம் வந்துவிடுமே என்று வாயைத் திறக்கவும் பயம். சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கம் போய், "பெருமாளே, இது விற்கக் கூடாது" என்று மட்டும் வேண்டிக்கொண்டு வருவேன்.

ஒரு வருஷம் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. பெருமாள் பார்த்துக்கொள்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன்.

திடீரென்று ஒரே மாசத்தில் மூன்று பார்ட்டி. ஒருத்தர் டேப் எடுத்து ஹாலை அளந்தே விட்டார்.

அந்த வாரம்தான் அய்யா கடைக்கு வந்து, உங்கள் தெரு இன்றோடு முடிந்தது என்றார். ஃபைலைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான்.

ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலில் ஏதோ ஒன்று. வாசலில் வாக்கர் நிற்கிற வீட்டில் 'முழங்கால்'. எங்கள் வீட்டில்... 'சீக்கிரம் விற்கணும்'.

"அய்யா! இது எங்க வீடு!"

"அப்படியாம்மா? போர்டு பாத்தேன். பாவம், அவசரம் போலன்னு நாப்பது நாளா..."

"நான் அங்க பெருமாள்கிட்ட விக்கக் கூடாதுன்னு கேட்டுட்டு இருக்கேன். நீங்க இங்க குறுக்க பூந்து ஜெபம் பண்றீங்களா?"

மனுஷர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் மேசையிலிருந்த ரப்பரை எடுத்து அழித்தார். "கேக்காம பண்ணது என் தப்பும்மா. உங்க தெருவை முதல்லேர்ந்து நடக்கறேன்."

வேண்டாம் என்றேன். சபை ஆரம்பிப்பது தள்ளிப்போகிறதே என்று அந்த நாலு குடும்பமும்கூட முணுமுணுத்தார்களாம். அவர் கேட்கவில்லை. மறுபடியும் நாற்பது காலை.

புதுசாக என்ன எழுதினீர்கள் என்று கேட்டால் மட்டும் காட்ட மாட்டார். "பாத்தா மறுபடி சண்டைக்கு வருவீங்க."

நடுவில் ஒருநாள் கேட்டார். "பெருமாள்கிட்ட நீங்க சொல்லியாச்சு. கர்த்தர்கிட்ட நான் சொல்லியாச்சு. உங்க கொழுந்தனார்கிட்ட யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கே போன் போட்டு, அழுதுகொண்டே சொன்னேன். "முதல்லயே சொல்றதுக்கென்ன அண்ணி" என்றார். மாமனாருக்கு உப்பிலியபுரத்தில் இருந்த வயலைத் தன் பாகமாக எடுத்துக்கொண்டு, போர்டை அவரே வந்து கழற்றினார். இப்போது அது எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி.

நேற்று அடக்கம் முடிந்து கிளம்பும்போது அய்யாவின் மனைவி கிரேஸ் அக்கா அந்த ஃபைலை என் கையில் கொடுத்தார். "பத்து தெரு போன வாரம் முடிச்சாரும்மா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. எங்க நாலு குடும்பமும் நடக்கறேன்னு சொல்றாங்க. ஆளுக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு."

ஒன்றுதான் பாக்கி... எங்கள் தெருவை அவர் இரண்டாம் தடவை நடக்காமல் இருந்திருந்தால், இந்நேரம் எல்லாமே முடிந்திருக்கும். நேற்றிலிருந்து இது என்னைப் போட்டு அறுக்கிறது.

மேப் இப்போது என் மெஷின் மேல் இருக்கிறது. மற்றவர்களுடைய கட்டத்தை நான் படிக்கவில்லை, சத்தியமாக. சரி... இரண்டு மட்டும்.

எங்கள் கட்டத்தில் ரப்பர் தேய்த்த அழுக்கு இன்னும் போகவில்லை. அதன் மேலேயே எழுதியிருக்கிறார்.

'இங்கேயே இருக்கட்டும்'.

நாலு காப்பி கேட்டார்கள். அஞ்சு எடுத்தேன்.

போயிட்டு வாங்க அய்யா. அந்தப் பதினோராவது தெருவில் யார் வீட்டுக்கு என்ன வேணும்னு நான் கேட்டே சொல்லிடறேன்.