முகம் இல்லாத படத்தில் நான்

ஒரு படத்தில் முகமே இல்லாதபோது, அதில் இருப்பது இன்னார்தான் என்று எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. கணவரின் வேலைக்காகக் கரூரிலிருந்து ஹைதராபாத் வந்து, தார்நாகாவில் குடியிருக்கிறோம். கீழ்வீட்டு அக்கா ஓவியர். தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம். பெண்களைத்தான் வரைவார். ஆனால் கண், மூக்கு எதுவும் இருக்காது. நாலைந்து வண்ணத் திட்டுகள், ஓரிரு கோடுகள், அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தால் ஒரு பெண் தெரிவாள்.

"உன்னை வரையணும், வரியா?" என்று ஒருநாள் கேட்டார். நானும் கல்யாணப் பட்டு, ஜிமிக்கி, தலை நிறையப் பூ என்று போய் நின்றேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஹவ், அழகாத்தான் இருக்கே. ஆனா இதெல்லாம் நக்கோ மா. போட்டோ ஸ்டுடியோன்னு நினைச்சுட்டியா?" இந்த ஊர்ப் பேச்சில் 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குள் ஒன்றரை வயது மகள் அழ ஆரம்பிக்க, இடுப்பில் தூக்கி வைத்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அக்கா கரித்துண்டால் என்னை வரைந்து முடித்திருந்தார்.

அக்காவின் ஓவியக் கண்காட்சிக்கு முந்தின நாள், வண்ணம் தீட்டிய படத்தைப் போனில் அனுப்பினார். சேலை இல்லை, நகை இல்லை. ஒரு பக்கம் தள்ளிய இடுப்பு, சரிந்த வயிறு, ஏற்ற இறக்கமாகத் தோள்கள். குழந்தை இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு. பிரசவத்துக்குப் பிறகு நான் கண்ணாடியில் பார்க்கத் தயங்கும் அதே உடம்பு. சொந்தக்காரர்கள் யாராவது பார்த்தால்? மாமியார் காதுக்குப் போனால்?

"அக்கா, இதை மாட்ட வேண்டாமே" என்று கெஞ்சினேன்.

"நாளைக்கு நேர்ல வந்து பாரு. அப்பவும் வேணாம்னா நானே கழட்டிடறேன்" என்றார். கோபமே இல்லை.

கழற்றச் சொல்லத்தான் போனேன். படம் என்னைவிட உயரமாக இருந்தது. அதன் முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி மற்றவளிடம் தெலுங்கில், அப்படியே தன் அம்மா நிற்பதுபோலவே இருக்கிறது என்றாள். பிறகு அங்கேயே போனை எடுத்து, "அம்மா, தின்னாவா?" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்!

அக்கா என்னைப் பார்த்து, கழட்டட்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். 'அது நான்தான்' என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் அந்தப் படத்தின் பக்கத்தை விட்டு நான் நகரவே இல்லை.

கண்காட்சி முடிந்ததும் அக்கா படத்தை எனக்கே தந்துவிட்டார். நான் சொல்லாமலே கணவர் ஹாலில் ஆணி அடித்து மாட்டினார். நான் சரியான அம்மாதானா என்று சந்தேகம் வரும் நாட்களில் அதன் முன் கொஞ்சம் நிற்கிறேன். மனம் நிமிர்ந்துகொள்கிறது.

அடுத்த மாதம் மாமியார் வருகிறார். படத்தை இறக்க எனக்கு மனமில்லை. "யாரும்மா இது?" என்று அவர் கேட்டால், பெருமை குறையாமல், அவர் மனமும் கோணாமல் எப்படிச் சொல்வது? மருமகள்களும் மாமியார்களுமாகச் சேர்ந்து ஒரு யோசனை சொல்லுங்களேன்.