அண்ணன் குடிக்கவில்லை என்று காட்டிய படம்

எண்பதுகளில் கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. அசையாமல் படுக்கிறவர்களை மட்டுமே எனக்குப் பிடிக்கும். தலை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிவிடும், டாக்டர் என்னைத்தான் வறுத்தெடுப்பார்.

கேரி தீவிலிருந்து ஒரு பெண் தன் அண்ணனை அழைத்து வந்திருந்தாள். எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். கை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டே இருந்தது. முதல் படம் பாழ். இரண்டாவதும் பாழ். "காலையிலேயே சம்சு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

அவள் கோபப்படவில்லை. "எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்கக்கா. வேலையும் அதனாலதான் போச்சு. அண்ணன் சாராயத்தை ஒரு சொட்டுகூட தொடமாட்டாரு. தூங்கினா ஆடவும் மாட்டாரு," என்றாள். டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுத் தூங்க வைத்தோம். உடம்பு அடங்கியது, படமும் தெளிவாக விழுந்தது.

டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மூளையின் நடுவில் நீர் நிற்கும் அறைகளின் ஓரமாகப் புடைத்திருக்கவேண்டிய சதை இரண்டு பக்கமும் தேய்ந்து, அறைகள் அகன்று கிடந்தன. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

"அம்மாவுக்கு. கோயில்ல சாமி வந்திருக்குன்னு எல்லாரும் கால்ல விழுவாங்க, குறி கேப்பாங்க."

அம்மா ஆடினால் சாமி, மகன் ஆடினால் சம்சு. நம் ஆட்களின் வைத்தியம் அவ்வளவுதான்.

இது பரம்பரை நோய், குணமாக்க மருந்து இல்லை, அவளுக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அவள் தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இந்தப் படத்தை எனக்குக் குடுப்பீங்களாக்கா?" என்றாள்.

கிள்ளானில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். குடிகார அண்ணன் மணவறைப் பக்கமே வரக்கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டாரின் நிபந்தனை. படத்தைக் காட்டினால் அண்ணன்மேல் உள்ள பழி போகும். கூடவே இது பரம்பரை நோய் என்பதும் தெரிந்துவிடும்.

"பேசாம இரு லா, கல்யாணம் நின்னுபோயிடும்," என்றேன்.

"அண்ணனைத் தள்ளி வச்சிட்டு என்ன கல்யாணம்? மறைச்சுக் கட்டிக்கிட்டா மாப்பிள்ளைக்கும் துரோகம்தானேக்கா."

இப்படி ஒரு நெஞ்சுரம் எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது. படத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. படத்தைப் பார்த்து, அவள் சொன்னதையும் கேட்டு, மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம். மாப்பிள்ளை மட்டும் மறுநாளே எஸ்டேட்டுக்குப் போய் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

கிள்ளான் கோயில் மண்டபத்தில் தங்கையின் கையில் பொரியிட அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஒரு பிடி அள்ளினார். கை எங்கேயோ இழுக்க, பாதிப் பொரி ஐயர் மடியில் விழுந்தது. இரண்டாவது பிடி தரையெல்லாம் சிதறியது. மறைக்கச் சொன்ன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

"மெதுவா போடுங்கண்ணே," என்று சொல்லி, அவர் கை போன பக்கமெல்லாம் அவள் தன் குவித்த கைகளைக் கொண்டுபோனாள். மூன்றாவது பிடி ஒன்றுகூடக் கீழே சிந்தாமல் அவள் கையில் விழுந்தது.