எண்ணெய் லோரிக்குச் சாக்குக் கணக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள் ப்ரோக்ராமிங் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கூச்சம். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு நின்றபோது, நடந்ததைத்தானே எழுதப்போகிறோம், இதில் கூச்சம் எதற்கு என்று மனசில் பட்டது. பிள்ளையார்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

1. லோரி வரிசை

எண்பதுகளில் மலேசியாவில், கிள்ளானில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தேன். முதலில் டேட்டா என்ட்ரி. பிறகு மாலை வகுப்பில் கோபோலும் பாஸ்கலும் படித்து ப்ரோக்ராமர் ஆனேன். என்னோடு இன்னொரு ப்ரோக்ராமர் குணா. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

கேட்டில் நுழையும் ஒவ்வொரு லோரிக்கும் ஒரு பதிவு போட வேண்டும். அது கண்டெய்னராக இருக்கும், அல்லது செம்பனை எண்ணெய் டேங்கராக இருக்கும், அல்லது சாக்கு மூட்டையாக இருக்கும். மூன்றில் ஒன்றுதான். ஆனால் எங்கள் முதல் ப்ரோக்ராமில் மூன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருந்தோம். சாக்கு லோரி வந்தால் கண்டெய்னர் எண்ணுக்கும் எண்ணெய்ச் சூட்டுக்கும் உரிய இடம் சும்மா கிடக்கும். சின்ன மிஷின். மத்தியானத்துக்குள் மெமரி நிரம்பி நின்றுவிட்டது. லோரிகள் மெயின் ரோடு வரைக்கும் வரிசை கட்டின.

பந்திங்கிலிருந்து வந்த டேங்கர் டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “என்னக்கா, கம்ப்யூட்டர் தூங்கிருச்சா? எண்ணெய் ஆறிப்போனா கட்டியாயிரும் லா!”

மேனேஜரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ரொம்பச் சுருக்கமாகப் பேசினார். “திங்கக்கிழமை டிரையல். ஒரு நாள் முழுக்க நிக்காம ஓடணும். இல்லன்னா மிஷினைத் திருப்பிக் கொடுத்துட்டு, என்ட்ரி வேலையை சுபாங் ஜெயா பக்கம் டேட்டா அடிச்சுக் கொடுக்கிற ஒரு பியூரோகிட்ட விட்டுருவேன்.”

அப்படி விட்டால் முதலில் வேலை போவது கேட்டில் பதிவு அடிக்கும் லெட்சுமி அக்காவுக்கு. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர். அவர் கணவர் லோரியிலிருந்து விழுந்து முதுகு போய் வீட்டில் இருந்தார். அக்கா சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது.

2. ஒரே இடம், மூன்று வேலை

வழி எனக்குத் தெரியும். கோபோலில் ரீடிஃபைன்ஸ் என்று ஒன்று உண்டு. ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று விதமான வடிவம் கொடுக்கலாம். பாஸ்கலில் அதற்கு வேரியன்ட் ரெக்கார்ட் என்று பெயர். கோயில் மண்டபம் மாதிரிதான். காலையில் கல்யாணம், சாயங்காலம் நடன வகுப்பு. மண்டபம் ஒன்று, இன்றைக்கு என்ன என்று வாசல் போர்டு சொல்லும். அந்தப் போர்டுக்கு எங்கள் பேச்சில் டேக்.

மாற்றி எழுதினோம். இடம் நிறைய மிச்சமானது. ஆனாலும் நெருக்கடியான ஒரு நாளுக்குக் கொஞ்சம் போதவில்லை. டேக்குக்கு ஒரு பைட் போதும். கம்பைலரோ எல்லாம் இரட்டைப்படை இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று இரண்டு பைட் எடுத்துக்கொண்டது.

“போர்டையே கழட்டிருவோம் சரோ,” என்றார் குணா. “முதல் பைட்ல சைபர் இருந்தா சாக்கு. 255 இருந்தா கண்டெய்னர். வேற எது இருந்தாலும் அதுதான் எண்ணெயோட சூடு. ஐஸ் மாதிரி எண்ணெய் எவன் கொண்டுவரப் போறான்?”

எனக்கும் அது சரியாகவே பட்டது. கெட்டிக்காரத்தனமாகவும் இருந்தது.

3. திங்கட்கிழமை

காலை முழுவதும் நன்றாக ஓடியது. குணா பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். அப்போது லெட்சுமி அக்கா கூப்பிட்டார்.

“சரோ, இங்க வாயேன். எண்ணெய் லோரி வெளிய போகுது. இது என்னடான்னா சாக்கு எண்ணிக்கை காட்டுது. அதுவும் ஆயிரக்கணக்குல!”

பின்னால் நின்ற பாஸ் எட்டிப் பார்த்தார். “எண்ணெயை சாக்குல கட்டி அனுப்புறோமா இப்ப?”

விஷயம் இதுதான். அந்த டேங்கரில் தெர்மாமீட்டர் உடைந்திருந்தது. சூடு தெரியாததால், லோரி உள்ளே வந்தபோது காலி என்பதற்கு அக்கா சைபர் அடித்திருக்கிறார். ப்ரோக்ராம் சைபரைப் பார்த்ததும் சாக்கு என்று எடுத்துக்கொண்டு, எண்ணெயின் எடையை மூட்டைக் கணக்காகப் படித்துவிட்டது.

பாஸ் போன் பேச உள்ளே போனதும் குணா குனிந்து கிசுகிசுத்தார். “அக்கா, சும்மா அம்பதுன்னு அடிச்சிருங்க. இன்னைக்கு மட்டும். டிரையல் முடியட்டும். இது உங்க வேலைக்காகத்தான்.”

லெட்சுமி அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். “தெரியாத சூட்டை நான் எப்படிப்பா அடிப்பேன்? நாளைக்கு எண்ணெய் கெட்டுப்போனா அந்த டிரைவர் தலையில விடியும். வேலை போனா போகட்டும். தெரியலைன்னு அடிக்க ஒரு இடம் வையுங்க.”

அவர் கேட்டதுதான் சரி. மூன்று வகை என்று நாங்கள் நினைத்தது தப்பு; வகை நான்கு. ‘எண்ணெய், சூடு தெரியாது’ என்பது நான்காவது. அதற்கும் போர்டு வேண்டும்.

இடத்துக்கு எங்கே போவது? முருகா என்று ரெக்கார்டை மறுபடி மேலிருந்து பார்த்தேன். கேட் எண்ணுக்கு ஒரு முழு பைட். எங்களுக்கு இருந்ததோ இரண்டே கேட்; பைட்டின் எட்டு பிட்டில் ஒன்றே போதும். மீதி ஏழும் காலி!

“குணா, கேட் எண்ணோட சேர்த்து வகையையும் அதே பைட்ல போட்டா?”

“அடக் கடவுளே,” என்றார் அவர். “வீட்டுக்குள்ளயே ரூம் காலியா இருந்திருக்கு.”

பாஸிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “ரெண்டு மணி வரைக்கும் டைம்,” என்றார். லெட்சுமி அக்கா காகிதத்தில் எழுதி லோரிகளை விட்டார். நாங்கள் மாற்றி கம்பைல் செய்தோம். அக்கா விட்டுப்போனதை எல்லாம் மறுபடி அடித்தார். ரெக்கார்டில் ஒரு பைட்கூடக் கூடவில்லை. அதன் பிறகு சாயங்காலம் கேட் மூடும் வரைக்கும் மிஷின் நிற்கவில்லை.

பாஸ் ஸ்கிரீனில் ‘சூடு தெரியாது’ என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, “இதுதான் நல்லாருக்கு. தெரியாட்டி தெரியலன்னு சொல்லுதே,” என்றார். மிஷின் தங்கியது. அக்காவும்.

4. பிறகு பார்த்த மொழிகள்

பிறகு சி மொழிக்கு மாறினேன். அதிலும் இப்படி ஒரே இடத்தைப் பகிர யூனியன் என்று ஒன்று உண்டு. இடம் மிச்சம்தான், ஆனால் டேக் வைப்பதும் பார்ப்பதும் நம் பொறுப்பு. மறந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். தொண்ணூறுகளில் எம்எல் என்ற மொழிக் குடும்பத்தில் ஒன்றைப் பார்த்தேன். டேக்கை மொழியே வைத்துக்கொள்கிறது. ‘தெரியாது’ மாதிரி உள்ளே சரக்காகத் தகவல் எதுவும் இல்லாத வகைக்குத் தனி இடமே எடுப்பதில்லை. ஒரு வகையை விட்டுவிட்டு எழுதினால் கம்பைலர் எச்சரிக்கிறது. சரக்குள்ள வகைக்கு மட்டும் மெமரியில் தனிப் பெட்டி போடும். எங்கள் கேட் மிஷின் அந்தச் சுமையைத் தாங்கியிருக்காது. ‘இதுவோ அதுவோ, ஏதாவது ஒன்றுதான்’ என்ற இந்த வகைக்கெல்லாம் இப்போது சம் டைப் என்று பெயர் சொல்கிறார்கள்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இடத்தை மிச்சம் பிடியுங்கள். காலியாகக் கிடக்கும் பிட்டில் டேக்கை வையுங்கள். ஆனால் ஒரு மனுஷர் உண்மையாக அடிக்கக்கூடிய எண்ணை டேக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கதை கம்பெனியில் பல வாய் மாறி, கடைசியில் லெட்சுமி அக்கா தப்பாக அடித்தார், நாங்கள் திருத்தினோம் என்று ஆகிவிட்டது. அது அப்படி இல்லை. உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால், வேலை செய்யும் இடத்தில் யாருக்காவது சொன்னால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். என் பெயரும் குணா பெயரும் விட்டுப்போனால் பரவாயில்லை.