கணவாயைத் திறந்த சால்வோர்

அரசாங்கம் அக்டோபரில் கவிழ்ந்தது. கூட்டணியிலிருந்த மூன்று கட்சிகளும் ஒன்றின் மேல் ஒன்று பழிபோட்டுவிட்டுப் பிரிந்தன. நாடாளுமன்றம் கலைந்து, நவம்பர் கடைசியில் தேர்தல் என்றார்கள். ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில், எங்கள் எய்ரி கிராமத்தில், இதைக் கேட்டு எல்லாருக்கும் எரிச்சல். தலைநகரத்துக்காரர்களுக்குக் குளிர்காலம் என்றால் செருப்பு நனைவதோடு சரி என்று கடையில் பேசிக்கொண்டோம்.

சால்வோர் அந்தப் பேச்சில் சேரவில்லை. எய்ரிக்கும் மலைக்கு அந்தப்புறத்து ஆர்ன்விக்குக்கும் நடுவே உள்ள கணவாயில் பனி தள்ளும் லாரியை ஓட்டுபவள் அவள்தான். கணவன் கடலோடு போன பிறகு, மீன் ஆலை வேலையை விட்டுவிட்டு, கனரக வண்டி ஓட்டப் படித்தவள். முதல் குளிர்காலத்தில் பணிமனை ஆண்கள் சிரித்தார்கள். மறு வருடம் அந்தச் சிரிப்பைக் காணோம்.

எங்கள் கரையில் அந்தத் தேர்தல் ஒரே விஷயத்தைப் பற்றியது. கடற்கழியில் சால்மன் வளர்க்கும் கூண்டுகள் இருக்கலாமா, கூடாதா? சால்வோரின் மகன் தூமிக்கு அந்தக் கூண்டுகளில்தான் வேலை; அவள் ஓட்டும் கூண்டுகளை ஆதரித்த கட்சிக்கே. ஆர்ன்விக்கின் ஆட்டுப்பண்ணைக்காரர்கள் மொத்தமாக எதிர்க்கட்சி. கூண்டிலிருந்து தப்பும் மீன்கள் தங்கள் ஆற்றைக் கெடுக்கின்றன என்பது அவர்கள் வழக்கு. அவர்களுக்குத் தலைமை தாங்கியவன் இல்லுகி. சால்வோரோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

பிரசாரக் கூட்டத்தில் அவன் எழுந்து, "உன் பையன் விஷத்த வித்துத்தான் சோறு திங்கறான்" என்றான்.

"உன் ஆடுங்க மலைய மொட்டையடிச்சப்ப நான் வந்து கேட்டேனா?" என்றாள் சால்வோர்.

கூட்டம் சிரித்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

தேர்தலன்று காலை புயல் எழுந்தது. வாக்குச்சாவடி எய்ரி பள்ளிக்கூடத்தில். நானும் அங்கே பணியில் இருந்தேன். முன்கூட்டியே வாக்களிக்க ஆர்ன்விக்காரர்களுக்கு வழி இருந்தது. கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். கணவாயைத் திறக்க முடியுமா என்பதை ஓட்டுநரே தீர்மானிக்கட்டும் என்று சாலைத்துறையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

பணிமனை வாசலில் தூமி அவளை மறித்தான்.

"முடியாதுன்னு சொல்லிடும்மா. யாரும் உன்னக் குத்தம் சொல்லப் போறதில்ல. அவங்க ஓட்டெல்லாம் யாருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் சால்வோர். "அதனாலதான் முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

லாரி மேலேறியது. கணவாயைத் தாண்டி ஆர்ன்விக் போய்ச் சேர்ந்து, அங்கே காத்திருந்த கார்களைப் பின்னால் வரவிட்டுத் திரும்பினாள். முதல் கார் இல்லுகியுடையது. அவளைப் பார்த்துத் தலையசைக்கக்கூட இல்லை அவன்.

உச்சியைக் கடந்து இறங்கும்போது மேலே சரிவு உடைந்தது. சத்தம் கேட்கவில்லை, கண்ணாடி வெள்ளையானது மட்டும்தான் தெரிந்தது என்று பிற்பாடு சொன்னாள். பனி லாரியைப் பக்கவாட்டில் இடித்துச் சாலையோரம்வரை தள்ளியது. ஓட்டுநர் கதவு புதைந்துவிட்டது. அவளுடைய வலது காறை எலும்பு முறிந்திருந்தது.

பின்னால் வந்தவர்கள் இறங்கி மண்வாரியாலும் கையாலும் தோண்டினார்கள். இல்லுகிதான் மறுபக்கக் கதவை உடைத்துத் திறந்தான். அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"திரும்பிடலாம், சால்வோர். ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போவுது?"

"பின்னாடி பாரு."

அவர்கள் வந்த வழியும் மூடிக்கொண்டிருந்தது. மேலே இன்னும் பனி தொங்கிக்கொண்டிருந்தது. இனி கீழே இறங்குவதுதான் வழி. லாரியின் முன்னால் பனி தள்ளும் தகட்டை ஏற்றி இறக்கும் நெம்புகோல் அவளுக்கு வலப்பக்கம். அந்தக் கை எழும்பவில்லை.

"ஏறி உக்காரு" என்றாள் இல்லுகியிடம். "நான் சொல்றப்ப மட்டும் தொடு. உன் இஷ்டத்துக்கு ஆட்டினா ரெண்டு பேரும் கடல்லதான்."

அப்படியே இறங்கினார்கள். அவள் இடது கையால் திருப்ப, இவன் நெம்புகோலைப் பிடித்திருந்தான். ஏத்து, இறக்கு, விடு என்பதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. வளைவுகளில் அவள் வலி தாங்காமல் உதட்டைக் கடித்ததை இல்லுகியே பிறகு எங்களிடம் சொன்னான்.

பள்ளிக்கூடத்துக்குள் அவள் வந்தபோது கோட்டின் ஒரு கை வெறுமனே தொங்கியது. செவிலியரைக் கூப்பிட ஓடினேன். அவள் அதற்குள் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய்விட்டாள். இடது கையால் குறி போட்டிருப்பாள். ஆர்ன்விக்காரர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். வெளியே தூமி நின்றுகொண்டிருந்தான். அவளை அணைக்கப் போய், எங்கே தொடுவதென்று தெரியாமல் விழித்தான்.

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் பேசி, கடைசியில் சால்வோரின் கட்சியும் இல்லுகியின் கட்சியும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தன. கூண்டு விவகாரத்தை ஒரு குழுவிடம் தள்ளிவிட்டார்கள். செய்தியைக் கேட்டு இல்லுகி வானொலியை அணைத்தான் என்று அவன் மனைவி சொன்னாள்.

சால்வோர் பிப்ரவரியில் மறுபடி லாரியில் ஏறினாள். வசந்தத்தில் அந்தக் குழு எய்ரிக்கு வந்தது. இல்லுகி எழுந்து, கூண்டுகளை எடுத்தே ஆக வேண்டும் என்று முன்னைப்போலவே பேசினான். தூமியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் உட்கார்ந்ததும், பதில் சொல்ல சால்வோர் எழுந்தாள்.