சக்கரத்தை உருட்டியவன்

திருத்தங்கல் பாலகுரு கோயில் விழாக்களுக்குக் கீபோர்டு வாசிப்பவன். அசையாத சுரம் செத்த சுரம் என்பான். கட்டைகளுக்கு இடப்பக்கம் இருக்கும் மாடுலேஷன் சக்கரத்தை உருட்டினால் சுரம் நடுங்கும். அந்த உருட்டலையும் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்துக்கொள்வான்.

2006 ஆடியில் எம். புதுப்பட்டி அம்மன் புறப்பாட்டுக்கு இசை கேட்டார்கள். அடிவயிற்றைப் பிசையும் ஒரு பேஸ் ஓசை மெல்ல உருண்டு, அதிர்ந்து, விம்மும்படி மூன்று நாள் மெனக்கெட்டான். பகல் பதினோரு மணிக்கு ஆளுயர ஸ்பீக்கர்களில் அது எழுந்தபோது தகரக் கூரைகள் கிடுகிடுத்தன.

"கம்பெனி வெடிச்சிருச்சுலே!" என்று யாரோ கத்தினார்கள். அம்மனை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு ஊரே பட்டாசு ஆலைக்கு ஓடியது. தீபாவளிச் சரக்கு தயாராகும் சீசன். திருவிழாவுக்கெல்லாம் எந்த முதலாளி லீவு விடுவான்? வீட்டுக்கு ஒருவராவது ஆலைக்குள் இருந்தார்கள்.

பாலகுருவும் ஓடினான். அவன் மனைவி பாண்டிச்செல்வி அங்கேதான் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். அது தன் ஓசைதான் என்று பாதி வழியில் புரிந்தது. ஆனாலும் கால்கள் நிற்கவில்லை.

கூச்சல் கேட்டு, மருந்து படிந்த கையோடு அவள் ஆலை வாசலுக்கு வந்தாள். "எதுக்கு இம்புட்டுப் பேரும் ஓடி வாரீக?"

அந்த ஊரில் அதற்குப் பிறகு அவன் வாசித்ததெல்லாம் செத்த சுரம்தான்.