சம்மட்டியை உடைத்த மொட்டை

என் மாமியாருக்குக் காது மந்தம். ஒத்துக்கொள்ள மாட்டார். "நீங்கள்லாம் வாய்க்குள்ளயே பேசுனா யாருக்குக் கேக்கும்?" என்று நம் மீதே பழியைப் போடுவார். டி.வி. சத்தம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். போன வாரம் பினாங்கு பர்மா ரோடு பக்கம், காது டெஸ்ட் செய்து மெஷின் பொருத்தும் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன்.

கழுத்தில் டை, சட்டைப் பையில் பேனா, ஒட்ட வெட்டிய தலை... உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். "வாங்கம்மா, உக்காருங்க" என்றவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ... பிரகாஷ் தங்கச்சி வாணிதானே?"

ஜெரோம் அண்ணன்! என் அண்ணன் பிரகாஷின் மெட்டல் பேண்டில் கிட்டார் வாசித்தவர். ஒரு காலத்தில் இடுப்பு வரை முடி வைத்துக்கொண்டு சுங்கை பினாங்கையே அலறவிட்ட மனிதர், இப்போது காது மெஷின் விற்கிறார்.

"பாதிப் பேரு காது நம்மளாலதான் போச்சு. அதான் பரிகாரம் பண்றேன்லா" என்று சிரித்தார்.

மெட்டல் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி. கிட்டார் இடிக்கும், டிரம்ஸ் விரட்டும், பாடுபவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு உறுமுவார். என் அண்ணன் தமிழில் உறுமினார். பேண்டின் பெயர் 'சம்மட்டி'. நான்கு பேர். எல்லாருமே பாயான் பாருவில் பேக்டரி வேலை. ஜெரோம் அண்ணன் ஞாயிறு பூசை முடித்து வந்ததும், டயர் கடை மாடியில், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வாசித்துப் பழகும் ஒரு ஜேமிங் ஸ்டூடியோவில் ஆரம்பிப்பார்கள். கறுப்பு டீ-ஷர்ட்டில் 'சம்மட்டி' என்று தமிழில்தான் போட்டிருக்கும்... ஆனால் எந்தத் தமிழ் வாத்தியாராலும் வாசிக்க முடியாது. "என்னடா இது, சாப்பிட்டுப் போட்ட மீன் முள்ளு மாதிரி?" என்பார் அம்மா.

சிரிக்காதீர்கள். அந்த மீன் முள்ளு ஈப்போ போனது, கே.எல். போனது, எல்லை தாண்டி ஹாட்யாய் போனது. புரியாத பாஷையில் தாய்லாந்துப் பையன்கள் கூடவே உறுமினார்களாம். அடுத்து சிங்கப்பூரிலிருந்து அழைப்பு. பெரிய மேடை. போஸ்டரில் நான்கு பேரும் முகம் தெரியாமல், முடியாலேயே மூடிக்கொண்டு நின்றார்கள்.

அந்த முடிதான் வினை.

ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு சொந்தக்காரப் பெண்மணி அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "என்னாக்கா, ஒங்க மவன் பொம்பளப் புள்ள மாதிரி முடி வளத்துக்கிட்டுத் திரியிறான்?" சுற்றிலும் பத்துப் பேர். என் அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அது வேண்டுதல்லா. தங்கச்சிக்கு நல்ல எடம் அமைஞ்சா தண்ணிமலை முருகனுக்கு மொட்டை போடுறதா வேண்டியிருக்கான்."

எப்படி? பச்சைப் பொய்! அந்த நொடி வாயில் வந்தது, அவ்வளவுதான். நான் பக்கத்தில்தான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். புரையேறிவிட்டது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு ஏக மரியாதை. தறுதலை என்று திட்டிய வாயெல்லாம் 'தங்கச்சிக்காக முடி வளர்க்கிற பிள்ளை' என்று உருகியது. அந்தப் பேச்சு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. "இப்படி ஒரு அண்ணன் இருக்கிற வீட்லதான் பொண்ணு எடுக்கணும்" என்று தட்டோடு வந்து நின்றார் ஓர் அம்மா.

யார் என்கிறீர்களா? இதோ, ஜெரோம் அண்ணன் கடையில் கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டெஸ்ட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாரே... என் மாமியார், அவரேதான்.

நல்ல இடம் அமைந்துவிட்டது. வேண்டுதலை நிறைவேற்ற வேண்டாமா? தைப்பூசத்துக்குச் சம்பந்தி வீடே திரண்டு வந்தது. அண்ணன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மலையடிவாரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். ஏழு வருஷத்து முடி ஈரத்தரையில் விழுந்தது. "யாருகிட்டயும் உண்மையைச் சொல்லிடாதடா, சம்பந்தி காதுக்குப் போயிடும்" என்று அண்ணனிடமும் என்னிடமும் அம்மா சத்தியம் வாங்கியிருந்தார்.

அடுத்த ஞாயிறு சம்மட்டி உடைந்தது. சிங்கப்பூர் போகவில்லை. ஒரு மொட்டைத் தலைக்காகவா ஒரு பேண்ட் உடையும்? வளர்ந்த ஆம்பிளைகளுக்கு இவ்வளவு சின்னப் புத்தியா? இருபது வருஷமாக இதை நான் ஒரு ஜோக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அந்தக் கடையில் ஜெரோம் அண்ணனிடமும் அதையே சொல்லித் தொலைத்தேன். "என்னண்ணே, முடிக்காகப் போயி அண்ணனை விட்டுட்டீங்களே..."

அவர் சிரிக்கவில்லை. மாமியார் உள்ளே இருக்கிறார். சத்தம் புகாத அறை. வெளியே டெஸ்ட் மெஷினைத் திருகிக்கொண்டிருந்த, கடையில் வேலை செய்யும் சீனப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. குரலைத் தாழ்த்தாமலே பேசினார்.

"முடி வளரும் வாணி. அதுக்கா கோவிச்சுக்குவோம்? வேண்டுதல்னா எனக்குத் தெரியாதா? நாங்களும் மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துறவங்கதான். தொப்பியக் கழட்டிட்டு நின்னான். வேண்டுதலாடான்னு கேட்டேன். ஆமான்னான். எப்பலேருந்துன்னு கேட்டேன். 'ஆரம்பத்துலேருந்து'ன்னான்."

பேனாவை எடுத்துத் திரும்பப் பையில் செருகினார்.

"அப்ப ஆரம்பத்துலேருந்தே அவன் எங்களுக்காக முடி வளக்கல. நாங்க எல்லாரும் உயிரக் குடுத்து அடிச்சிக்கிட்டு இருந்தோம்... அவன் ஒனக்கு மாப்பிள்ளை அமையிற வரைக்கும் பொழுதப் போக்கிட்டு இருந்திருக்கான். அதான்லா தாங்கல."

கடவுளே, இதுவா?

அண்ணன் அம்மாவின் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறார். என் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்காக, தான் உயிராய் நினைத்த ஒன்றை விளையாட்டு என்று நண்பன் நினைக்கும்படி விட்டுவிட்டார். ஒரு போன் செய்து நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. பயம். கல்யாணம் நின்றுபோய்விடுமோ என்ற பயம். பிறகு பிள்ளை குட்டி, வேலை... மறந்தேபோனது. வெட்கமாக இருந்தது.

அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. சத்தியம் இனி யாருக்கு?

"வேண்டுதலே இல்லண்ணே" என்றேன். "எல்லாம் எங்கம்மா விட்ட பொய். அண்ணன் முடி வளத்தது சம்மட்டிக்காகத்தான். ஆரம்பத்துலேருந்து."

கல்யாண வீட்டில் ஆரம்பித்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஜெரோம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிறுக்குப் பய... சொல்லியிருக்கலாம்லா" என்றார். பிறகு, "நம்பர் இருக்கா?"

அண்ணன் இப்போது ஜொகூர் பாருவில். நானே அடித்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் அவர் "ஹலோ, யாரு?" என்றார். ஜெரோம் அண்ணன் போனைக் கிட்டே இழுத்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"டேய் மொட்டை..."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று பயந்தேன். அப்புறம் போனிலிருந்து வந்தது பாருங்கள் — அடிவயிற்றிலிருந்து, நீளமாக, அந்தப் பழைய உறுமல்! சீனப் பெண் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டாள். ஜெரோம் அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார்.

கண்ணாடி அறைக்குள் என் மாமியார் கடமையாகப் பொத்தானை அழுத்தினார். சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தற்செயலாகத்தான் இருக்கும்.

ஊர் வாயை அடைக்கப் பொய் சொல்கிறோம். ஊர் கேட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறது. அந்தப் பொய்க்கு விலை கொடுப்பது நம் வீட்டில் வாய் திறக்காத ஒருவர்தான். நம் வீட்டில் அது யார் என்று ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்கிறோமா?

சம்மட்டி மறுபடி சேருமா என்று கேட்காதீர்கள். அண்ணனுக்கு முதுகுவலி, ஜெரோம் அண்ணனுக்குப் பிரஷர். ஆனால் நோன்புப் பெருநாள் லீவில் அண்ணன் பினாங்கு வருகிறார். எங்கள் வீட்டில் தங்கவில்லையாம். ஜெரோம் வீட்டிலாம்!

மாமியார் புது மெஷினோடு வீடு வந்து சேர்ந்தார். காடியில் ஏறி சீட் பெல்ட் மாட்டியதிலிருந்து, "உங்கண்ணன் மாதிரி ஒரு பிள்ளை உண்டா? தங்கச்சிக்காக முடியையே கொடுத்தான்" என்று வழக்கமான பல்லவி. இப்போது என் பதிலும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் எந்தத் தைரியத்தில் இதை இங்கே எழுதுகிறேன் என்கிறீர்களா? என் வீட்டுக்காரர் பேப்பரில் விளையாட்டுப் பக்கம் தவிர வேறெதையும் புரட்டமாட்டார். மாமியாருக்கோ காது மட்டும்தான் புதுசு... மூக்குக்கண்ணாடி இன்னும் பழசுதான்!